மருதியம்மாவிடம் நீ சொன்னது

கண்ணு,

திங்கட்கிழமை நீ வடக்கே கிளம்புகிறாய். கடலோரத்தில் ஏதோ ஓர் ஆபீசில் நாற்காலி வேலை, துப்பாக்கி கிடையாது, வண்டி கிடையாது, வருகிற தபாலைப் பிரித்து அடுக்க வேண்டும் என்றாய். சட்டையை மடித்துக்கொண்டே, "சனிக்கெழம அகளி போயிட்டு வந்தர்றேம்மா, மருதிம்மாகிட்டச் சொல்லிட்டு வரோணும்" என்றாய். நான் சரி என்றேன். உள்ளே போய்ப் பால் பாத்திரத்தைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவினேன். நீ கவனித்திருப்பாய். நேரில் பேசினால் பாதியிலேயே எனக்குக் கோபம் வந்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன். இதை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. நம் வீட்டு விஷயத்தை வடகரப்பதி ஊரே ஏற்கெனவே பேசி முடித்துவிட்டது, இனி மறைக்க என்ன இருக்கிறது. எனக்கு அந்த மருதி மேல் பொறாமை. பெற்ற அம்மா வீட்டில் இருக்க, வாரம் தவறாமல் மலையேறிப் போய் இன்னொருத்தி கையால் நீ சாப்பிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. நீ அவளை மருதி என்று சொல்லியிருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன். பேரோடு ஒட்டிக்கொண்டு வருகிறதே ஓர் 'அம்மா', அதுதான் குத்துகிறது.

பொறாமை எனக்குப் புதிதில்லை என்பது உனக்கே தெரியும். உன் பெரியம்மாவும் நானும் ஒரே தோப்பை நடுவில் வேலி போட்டுப் பிரித்துக்கொண்டு வாழ வந்தவர்கள். அவள் மகன் செந்தில் பட்டாளத்துக்குப் போன பிறகு அவள் நடையே மாறிவிட்டது. கேண்டீனில் வாங்கியது என்று குக்கரைக் காட்டுவாள், மிக்சியைக் காட்டுவாள், சோப்பைக்கூட மோந்து பார்க்கச் சொல்லிக் கையில் கொடுப்பாள். கல்யாண வீட்டில் அவளுக்கு முன்வரிசை. பால் சொசைட்டியில் நான் வேலை பார்த்த வருஷங்களில், பால் ஊற்ற வருகிறவர்கள் எல்லாரும் செந்தில் எப்போது லீவில் வருகிறான் என்று என்னிடம்தான் கேட்பார்கள். என் மகனைப் பற்றி ஒருத்தரும் கேட்டதில்லை. நீ போலீஸ் தேர்வில் பாஸான அன்றைக்குத்தான் நான் நிமிர்ந்து நடந்தேன். அப்புறம் உன்னை அந்தச் சிறப்புப் படைக்குத் தேர்ந்தெடுத்து, வெளிமாநிலத்தில் பட்டாளத்துக்காரர்களைப் போலவே பயிற்சி கொடுத்து, காட்டுச் செடி நிறத்தில் உடுப்பும் நீளத் துப்பாக்கியும் கொடுத்து அனுப்பினார்கள். அந்தப் படத்தைப் பெரிதாக்கி, வாசலிலிருந்து பார்த்தாலே தெரிகிற இடத்தில் மாட்டினேன். பெரியம்மா வந்து பார்த்துவிட்டு, "போலீசுக்கு எதுக்குங்க இத்தன பெரிய துப்பாக்கி?" என்று கேட்டாள். எனக்கு அன்றைக்கு இரண்டு வேளை சாப்பிட்ட நிறைவு.

நீ லீவில் வரும்போதெல்லாம் மலை மேலிருக்கும் கேம்ப்பைப் பற்றிச் சொல்வாய். குண்டு துளைக்காத வண்டி வந்திருக்கிறது, இருட்டில் பார்க்கிற கண்ணாடி வந்திருக்கிறது, புதிதாக டிரோன் வந்திருக்கிறது, அதைப் பறக்கவிட உன்னைத்தான் பழக்கியிருக்கிறார்கள் என்றாய். நாங்கள் சொசைட்டியில் ஒரு மாட்டு டாக்டருக்காக மனுக் கொடுத்துக் கொடுத்துச் சலித்திருந்த காலம் அது. கோடையில் குடிக்கிற தண்ணீரே லாரியில் வந்தது. ஒரு கேம்ப்புக்கு இவ்வளவும் எப்படிச் சட்டென்று வந்திறங்குகிறது என்று உன் அப்பா கேட்டார். பாதுகாப்பு என்று சொல்லிக் கேட்டால் எதற்கு என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை என்றாய். "வாங்கின சாமான சும்மா வெச்சிருக்க முடியாதுங்கப்பா. ஓடுச்சுன்னு காட்டோணும். ஏறுச்சு, இன்னதப் பாத்துச்சுன்னு மேல எழுதி அனுப்போணும்."

"பாக்கறதுக்கு அந்தக் காட்டுல அப்புடி என்ன இருக்குது?"

"இருக்குதுன்னு எழுதினாத்தானுங்கப்பா அடுத்த வருசம் இன்னொண்ணு வரும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நானும் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. செந்தில் லீவில் வந்திருந்தபோது உன் படத்தைப் பார்த்துவிட்டு, "எல்லையில எனக்கு எதுத்தாப்பல நிக்கறவன் ஆருன்னு தெரியும்டா. நீ ஆரப் பாத்து இத்தனையும் கட்டிக்கிட்டு நிக்கற?" என்று கேட்டான். அவனுக்குப் பொறாமை என்று எண்ணி உள்ளுக்குள் பூரித்துப்போனவள் நான்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ எனக்குத் துண்டு துண்டாகத்தான் சொன்னாய். ஆற்றை ஒட்டிப் பறக்கவிடச் சொன்னார்கள். ஆதிவாசி ஊரின் பெண்கள் குளித்துக்கொண்டிருந்த துறைக்கு மேலே அது போய் நின்றது. திரையில் அவர்கள் தெரிந்ததும் நீ திருப்பப் பார்த்தாய், பின்னால் நின்றவர்கள் திருப்பாதே என்றார்கள், நீ திருப்பினாய். ஆனால் கீழே இருந்தவர்களுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? தலைக்கு மேலே ஒரு கண் வந்து நின்றது, அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். மருதியின் மகன் ரங்கன், ஜீப் ஓட்டுகிறவன், கேம்ப் வாசலுக்கு வந்து, குளிக்கிற இடத்தைப் படமெடுக்க யார் உரிமை கொடுத்தது என்று கேட்டு, அதைத் தன் போனிலேயே பதிவு செய்து எல்லாருக்கும் அனுப்பிவிட்டான். கொஞ்ச நாளில் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். காட்டுக்குள் ஆயுதத்தோடு இருக்கிறவர்களுக்கு அரிசி கொண்டுபோய்க் கொடுத்தான் என்று வழக்கு. லேசில் ஜாமீன் கிடைக்காத பெரிய சட்டம். சாட்சி, உன் டிரோன் எடுத்த படம்: மலைச்சரிவில் மூட்டை சுமந்து போகிற ஆட்கள். அவர்கள் விளக்குமாற்றுப் புல் அறுத்துக் கட்டிக்கொண்டு சந்தைக்கு இறங்குகிறவர்கள் என்பதையும், அதில் ரங்கனே இல்லை என்பதையும் படம் எடுத்த அன்றைக்கே நீ பார்த்திருந்தாய். அதில் ரங்கன் இருக்கிறான் என்று நீயே சொல்வதுபோல் எழுதித் தயாராக வைத்திருந்த தாளை உன் அதிகாரி நீட்டி, "ஒப்பிட்டா மதி, பாக்கி ஞங்கள் நோக்கிக்கொள்ளாம்" என்றாராம். கையெழுத்துப் போட்டால் போதும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நீ போடவில்லை.

சஸ்பெண்ட் ஆகி நீ வீட்டுக்கு வந்தபோது நான் உன்னைக் கேட்ட கேள்வியை இப்போது நினைத்தாலும் வாய் கசக்கிறது. "எவனோ ஒருத்தனுக்காக உன்ற சோத்துல நீயே மண்ணப் போட்டுக்கிட்டயா?" நீ கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனாய். அந்த வாரமே போலீஸ் ஜீப் வந்தது. பொங்கலுக்கு நம் வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்ட உன் கூட்டாளிகள்தான் இறங்கினார்கள். "அம்மா, கொறச்சு மாறி நிக்கணும்" என்று என்னை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு அரிசிப் பானை முதல் என் பீரோ வரைக்கும் கலைத்தார்கள். உன் போனை மட்டுமில்லை, அப்பாவின் போனையும் என் போனையும் எடுத்துக்கொண்டார்கள். எந்தத் தாளும் காட்டவில்லை. காட்ட வேண்டும் என்று கேட்கவும் எங்களுக்குத் தெரியவில்லை. அடுத்த நாள் சந்து முனையில் கம்பத்தில் ஒரு கேமரா ஏறியது, நம் வாசலைப் பார்த்து. பெரியம்மா வேலி ஓரம் வந்து, முகத்தைப் பார்க்காமல், "செந்திலுக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு பயமா இருக்குதுங்க. கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராம இருந்தீங்கன்னா நல்லாருக்கும்" என்றாள். துப்பாக்கியும் வண்டியும் எங்கோ மலையில் இருக்கிற யாருக்கோ என்றுதான் நான் நினைத்திருந்தேன். என் புடவைகளைக் கலைத்துப் பார்க்கிறவரைக்கும் அது எனக்கும்தான் என்று தோன்றவில்லை.

அப்போதுதான் நீ வாரா வாரம் அகளிக்குப் போக ஆரம்பித்தாய். முதலில் வக்கீலைப் பார்க்க என்றாய். அப்புறம் ரங்கனின் அம்மாவைப் பார்க்க என்றாய். அப்புறம் மருதிம்மா. திரும்பி வரும்போது உன் சட்டையில் விறகுப் புகை அடித்தது. இங்கே ஒரு வாய்க்கு மேல் இறங்காத உனக்கு அங்கே களியும் கீரையும் இறங்கியது. ஒருநாள் என் ரசத்தைக் குடித்துவிட்டு, மருதிம்மா இதில் ஏதோ ஒரு காட்டு இலை போடுவார்கள் என்றாய். அந்த ரசத்தை நான் அப்படியே கொண்டுபோய்த் தென்னைக்கு ஊற்றினேன். வீட்டில் எங்களோடு நாலு வார்த்தை பேசாதவன் அவளிடம் என்ன பேசுகிறாய் என்று உன் அப்பாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். "போய்த்தான் பாரேன்" என்றார் ஒருநாள், எரிச்சலில். நான் போனேன். அது உனக்கு இன்றுவரை தெரியாது. நீ கோர்ட்டு வேலையாக வெளியே போயிருந்த நாள்.

வேலந்தாவளம் வழியாக மாநில எல்லை தாண்டிக் கோயம்புத்தூர், அங்கிருந்து ஆனைகட்டி பஸ். மறுபடியும் எல்லை வந்த இடத்தில் ஏறிய போலீஸ்காரர் என் பையைத் திறக்கச் சொன்னார். உள்ளே தேங்காயும் ஒரு சீப்பு நேந்திரம் பழமும்தான். சண்டைக்குப் போகிறவள் எதற்கு அதையெல்லாம் எடுத்துக்கொண்டு போனேன் என்று தெரியவில்லை, வெறுங்கையோடு போய்ப் பழக்கமில்லை. அகளியில் இறங்கி, கேட்டுக் கேட்டு, ஒரு ஜீப்பில் போய்ச் சேர்ந்தேன். மருதி வீட்டு முன்னால் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும், என்னைவிட நல்ல உயரம். எழுந்திருக்கவில்லை.

"போலீஸ்காரன் அம்மாவா?"

"ஆமா."

"மூக்கு அதே மூக்கு" என்றாள். அவர்கள் பேச்சின் இழுப்போடு தமிழ் நன்றாகவே பேசினாள்.

பஸ்ஸில் வரும்போதே மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். "இனிமே இங்க வர வேண்டாம்னு நீங்க அவங்கிட்டச் சொல்லோணும். நாஞ் சொன்னாக் கேக்க மாட்டீங்கறான்."

"நான் சொல்லாமலா? மொத நாள் வந்தப்ப வெறகுக் கட்டைய எடுத்தேன். ஓடுவான்னு பாத்தேன். அடிங்கன்னு நின்னான். அடுத்த வாரமும் வந்தான்."

"அப்பறம் எதுக்குச் சோறு போடறீங்க?"

"பசியோட வந்து நிக்கறவன என்ன பண்ணச் சொல்ற?" அவள் உரிப்பதை நிறுத்தினாள். "போட்டுட்டு அவன் திங்கறதப் பாத்துட்டே இருப்பேன். வயிறு எரியும். என் மகன் உள்ள என்னத்தத் தின்னானோ, இவன் இங்க உக்காந்து மோருக்கு உப்புப் பத்தலேங்கறான். உன்ன நினைச்சாலும் எரியும். நீ எப்படி இருப்பன்னு தெரியாது, ஆனாலும் எரியும். உன் மகன் வெளிய இருக்கான்."

என்னைப் பார்த்தும் ஒருத்தி பொறாமைப்படுவாள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. பையிலிருந்த தேங்காயை எடுத்துக் கீழே வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை.

அப்போது மேலே ஒரு இரைச்சல் கேட்டது, வண்டு சுற்றுவது போல. மருதி என் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துவிட்டாள். பக்கத்து வீட்டுப் பெண் கொடியில் கிடந்த பாவாடைகளை வாரிக்கொண்டு உள்ளே ஓடினாள். ஒரு நிமிஷத்தில் வெளியே ஒருத்தருமில்லை. "இப்பெல்லாம் குளிக்கறதும் உள்ளதான். ஆத்துத் தண்ணியத் தூக்கிக் கொண்டாந்து வெச்சு" என்றாள். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். என்னை யாரும் ஒன்றும் செய்யவில்லை, தொடவில்லை, ஆனாலும் முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டேன். நம் வாசலிலிருந்து தெரிகிற உன் படம் ஞாபகத்துக்கு வந்தது. அதைப் பார்த்து நான் நெட்டி முறித்ததெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது.

அந்த இருட்டில் உட்கார்ந்துதான் மருதி சொன்னாள். "மேல இருந்து பாத்தா நாங்க எப்படித் தெரிவோம்னு உன் மகனக் கேட்டேன். எறும்பு மாதிரியான்னு. இல்ல, மொகம் தெரியும்னான். அதச் சொல்லிட்டு அழுதான்." கூடவே, "அவன ரூமுக்குள்ள போட்டுப் பூட்டி வெச்சிருந்தாங்களே, அப்பகூட அழலையாம்" என்றாள்.

எந்த ரூம் என்று எனக்குத் தெரியாது, கண்ணு. கையெழுத்துப் போட மாட்டேன் என்று நீ சொன்ன பிறகு உன்னைக் கேம்ப்பிலேயே அடைத்து வைத்திருந்தார்கள் என்பதும், வீட்டுக்குப் போன் பேசும்போது ஒருத்தர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார் என்பதும் மருதி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அந்த நாட்களில் நீ என்னிடம், "நல்லாருக்கேம்மா, வேல சாஸ்தி" என்று பேசியிருக்கிறாய். நான் பெரியம்மாவின் புது பிரிட்ஜைப் பற்றி உன்னிடம் புலம்பியிருக்கிறேன். "உங்கிட்டச் சொல்லலியா?" என்று மருதி கேட்டாள். "சொன்னான், சொன்னான்" என்றேன். அவள் என்னை நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது உன்னைப் பூட்டியவர்கள் மேல் வந்த கோபத்தைவிட, அதை அவளிடம் போய்ச் சொன்ன உன் மேல்தான் எனக்கு அதிகம் கோபம் வந்தது. இது நியாயமில்லை என்று தெரியும். இருந்தாலும் அப்படித்தான் வந்தது.

பிறகு நீ கோர்ட்டுக் கூண்டில் ஏறி, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாய். வீட்டுக்கு வந்து "சொல்லிட்டேம்மா" என்ற ஒரு வார்த்தையோடு படுத்துவிட்டாய். ரங்கனுக்கு ஜாமீன் கிடைத்தது; வழக்கு இன்னும் நடக்கிறது. அவனை விட்ட அன்றைக்கு ஜெயில் வாசலிலிருந்து நீ என் புதுப் போனுக்குப் பேசினாய்.

"வந்துட்டாம்மா."

"நீ எங்க நிக்கற?"

"ரோட்டுக்கு இந்தப் பக்கம்."

"மருதி?"

"அவங்க அவனக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. ஜீப்புல எடமில்ல."

உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தன் மகன் வந்ததும் உன்னை விட்டுவிட்டாளா, இப்போது தெரிந்ததா யார் அம்மா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு உனக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன். நீ வந்து சாப்பிட்டாய். அதோடு அகளி முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த வாரமும் நீ கிளம்பினாய். நீ போனால் ரங்கன் எழுந்து வெளியே போய்விடுகிறான், உன்னிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று தெரிந்தும் போனாய். அவன் பேசாததும் சரிதான் என்றாய்.

உனக்குத் தெரியாத இன்னொன்றும் இருக்கிறது. போன வாரம் நீ அகளியில் இருந்தபோது மறுபடியும் ஜீப் வந்தது. இரண்டு பேர், இரண்டும் புது முகம். நீ எப்போது கிளம்புகிறாய் என்று கேட்டார்கள். உன் அறையைப் பார்க்க வேண்டும் என்றார்கள். நான் வாசற்படியை விட்டு நகரவில்லை.

"ஏனுங்க, பேப்பர் இருக்குதுங்களா?"

"அம்மே, வெறுதே ஒண்ணு நோக்கான்", சும்மா ஒரு தரம் பார்க்கத்தான் என்று சிரித்தான் ஒருத்தன்.

"வெறுதே பாக்கறதுக்கு ஊடு தெறந்து கெடக்குலீங்க. பேப்பரக் கொண்டாங்க, பாருங்க."

அவர்கள் என்னைப் பார்த்தார்கள், ஒருத்தரையொருத்தர் பார்த்தார்கள், ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். நாளைக்குத் தாளோடு வரலாம். வரட்டும், வாங்கிப் படித்துவிட்டு உள்ளே விடுகிறேன். அவர்கள் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். உன் அப்பா நாற்காலியை எடுத்து வந்து பக்கத்தில் போட்டு, என்னை உட்கார வைத்துவிட்டு, அவர் படியில் உட்கார்ந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் பெரியம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் ஒரு சொம்பு மோர் கொடுத்தனுப்பினாள். அதற்கும் உப்புப் பத்தவில்லை, ஆனாலும் குடித்தேன்.

சஸ்பெண்டை நீக்கி உன்னை அனுப்புகிற புது இடத்தில் தபால் வேலைதானே என்று அசட்டையாக இருந்துவிடாதே. இன்னது வேண்டும், இத்தனை வேண்டும், அந்த மலையில் ஆபத்து இருக்கிறது என்று எழுதுகிற தாள்களும் உன் கை வழியாகத்தானே போகும். போகிறதைத் தடுக்க உன்னால் முடியாது. படித்துவிட்டு அடுக்கு, அது போதும். அந்த ஆபத்து யார் என்று உனக்கு முகம் தெரியும். நேரத்துக்குச் சாப்பிடு. கடல் மீன் உனக்கு ஒத்துக்கொள்ளாது. யாரோடும் ரொம்ப ஒட்டாதே என்று சொல்ல வாய் வருகிறது, ஆனால் சொல்ல மாட்டேன். அது புத்திமதி இல்லை, என் பொறாமைதான் பேசுகிறது.

சனிக்கிழமை போய் வா. அவள் போடுவதைச் சாப்பிடு. அவளை அம்மா என்று கூப்பிடுவதை நிறுத்தச் சொல்லி நான் கேட்கப்போவதில்லை. கேட்டாலும் நீ நிறுத்தமாட்டாய். எனக்கு எரிச்சல் இருக்கத்தான் செய்யும், அது என்னோடு இருக்கட்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எங்கேயும் போகாதே. அப்பாவைத் தோப்புக்கு அனுப்பிவிடுகிறேன். அந்த அறையில் உனக்கு என்ன நடந்தது என்று முதலிலிருந்து எனக்குச் சொல். அழாமல் கேட்பேன் என்று என்னால் சொல்ல முடியாது. நீ சொல்லி முடிக்கிறவரைக்கும் எழுந்து போகமாட்டேன்.

அம்மா